முழு வரி கேட்கும் பெண்: சிட்காமுக்குள் ஒற்றைத் தாய்

விவாகரத்தான பெண்ணை வாராவாரம் பார்க்க அமெரிக்க ஜனங்கள் தயாராக இல்லை என்று சிபிஎஸ் தொலைக்காட்சி நினைத்த காலம் உண்டு. 1970இல் மேரி டைலர் மூர் நடித்த சிட்காமுக்கு, அதாவது வாராவாரம் வருகிற அரை மணி நேர நகைச்சுவைத் தொடருக்கு, எழுத்தாளர்கள் முதலில் யோசித்த கதாநாயகி, விவாகரத்து வாங்கிக்கொண்டு புது ஊருக்குப் பிழைக்க வருகிறவள். நிறுவனம் ஒப்பவில்லை. கடைசியில், கல்யாணப் பேச்சு முறிந்து போனவள் என்று மாற்றி எழுதினார்கள். அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று வேடிக்கையானது. மூர் அதற்கு முன் ஐந்தாண்டு டிக் வான் டைக்கின் மனைவியாக இன்னொரு தொடரில் நடித்திருந்தார். அந்த நல்ல மனுஷனை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களாம். சீரியல் வில்லியைக் கடைத்தெருவில் கண்டால் ஏசுகிற நம்மூர் ஆச்சிகளைக் கேலி செய்வோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்கு முன்னால் வந்த ஒற்றைத் தாய்கள் பெரும்பாலும் விதவைகள். 1962இல் தொடங்கிய ‘தி லூசி ஷோ’வில் லூசில் பால் விதவை, விவாகரத்தானவள் அவளோடு குடியிருக்கும் தோழி. கதாநாயகிக்கு ஆகாத விஷயம் தோழிக்கு ஆகும் என்பது கணக்கு. 1968இல் ‘ஜூலியா’ வந்தது. டயஹான் கேரல் நடித்த கறுப்பின நர்ஸின் கணவர் வியட்நாம் போரில் இறந்த விமானி. புருஷன் செத்துப்போனதற்கு யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஆகையால் பார்க்கிறவர்களுக்கும் சங்கடமில்லை. இந்தத் தரவரிசை திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரமோ ஆலங்குளமோ, புருஷன் இறந்தவளுக்கு இரக்கம் கிடைக்கும். புருஷன் விட்டுட்டுப் போனவளுக்குப் புத்திமதி கிடைக்கும். தானாக வெளியேறிப் பிள்ளைகளோடு வந்தவளுக்குக் கேள்விகள் மட்டுமே கிடைக்கும்.

அந்த மூன்றாவது பெண்ணை நடுவீட்டில் நிறுத்திய தொடர் ‘ஒன் டே அட் எ டைம்’. 1975 டிசம்பர் 16இல் அதே சிபிஎஸ்ஸில் தொடங்கி 1984 மே வரை ஓடியது. உருவாக்கியவர்கள் விட்னி பிளேக், ஆலன் மேனிங்ஸ் என்ற தம்பதி. தயாரிப்பாளராகப் பின்னால் நின்று நடத்தியவர் நார்மன் லியர். விட்னி பிளேக் நடிகை. தானே தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். கதையின் விதை அங்கிருந்து வந்தது. ஆன் ரொமானோ பதினேழு வயதில் கல்யாணம் முடித்து, பதினேழு வருடம் வாழ்ந்து, பிறகு வேண்டாம் என்று வந்தவள். இரண்டு பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லோகன்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரிலிருந்து இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு வருகிறாள். அப்பா வீட்டுப் பெயரைத் திரும்ப வைத்துக்கொள்கிறாள். பிள்ளைகளுக்கு மட்டும் அவர்கள் அப்பாவின் பெயர். ஒரே வீட்டுக் கதவில் இரண்டு குடும்பப் பெயர்.

முதல் எபிசோடின் பிரச்சினை என்ன தெரியுமா? மூத்த மகள் பையன்களும் சேர்ந்து போகிற கேம்ப்புக்குப் போகவேண்டும் என்கிறாள். அம்மா முடியாது என்கிறாள். அவ்வளவுதான். பதினேழு வருடத் தாம்பத்தியம் எப்படி முறிந்தது, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் கதை தொடங்குமுன்பே முடிந்துபோன சங்கதி. இதுவரை வீட்டில் ‘முடியாது’ என்ற சொல்லுக்குக் கனம் கொடுத்தது அப்பா. இப்போது அந்தச் சொல்லை அவளே சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டு அதில் நிற்கவும் வேண்டும். வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது என்றால் இந்த மாதிரிச் சில்லறை வேலைகள்தான். சிட்காம் என்ற வடிவத்துக்கு அளவெடுத்துத் தைத்த விஷயம் இது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்துப் பின்னணியும் சேர்ந்துகொண்டது. யார் குற்றம் என்று கோர்ட்டில் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1970 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. பெண் என்பதாலோ, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று பார்த்தோ கடன் மறுக்கக் கூடாது என்ற தேசியச் சட்டம் 1974இல்தான் வந்தது. அதாவது, ஆன் ரொமானோ வாடகை வீட்டில் குடியேறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு வரை அவளைப் போன்றவளுக்கு வங்கிகள் கடன் அட்டை மறுத்துக்கொண்டிருந்தன. பார்த்துச் சிரித்தவர்களில் பலருக்கு அது சொந்தக் கணக்கு.

இனி அந்த வடிவம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் நம் சீரியலிலிருந்து அது பிரிகிற இடம் அங்கேதான். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக ஏறத்தாழ 22 நிமிடம். ஒரே கூடம், ஒரு சோபா, ஒரு அடுப்படி, தெருக்கதவு. மூன்று நான்கு கேமரா ஒரே நேரத்தில் ஓட, எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் முன்னால் நாடகம் போல நடிப்பார்கள். மூன்று கேமராவில் ஃபிலிமில் எடுக்கிற அந்த முறையை 1951இல் ‘ஐ லவ் லூசி’ நிலைநிறுத்தியது. வாரம் முழுக்க ஒத்திகை. எந்த வசனத்துக்குச் சிரிப்பு வரவில்லையோ அதை மாற்றி எழுதுவார்கள். வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு இருபத்துச் சொச்சம். ஒன்பது பருவத்துக்கு ‘ஒன் டே அட் எ டைம்’ மொத்தம் 209 எபிசோடுகள்.

நம் பக்கக் கணக்கு வேறு. கணவனைப் பிரிந்து, தொழில் செய்து, தன் காலில் நின்ற அபியின் கதையான ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை சன் டிவியில் ஓடியது. தேவயானி நடித்த அந்தத் தொடர் ஆறு வருடத்தில் 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. 2020இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’, வங்காள மூலத்திலிருந்து வந்தது. விவாகரத்துக்குப் பிறகு சமையல் தொழிலில் காலூன்றும் அம்மாவின் கதை. ஆக, தனித்து நிற்கும் பெண் தமிழ்த் தொலைக்காட்சியில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறாள், பெரிய இடத்திலேயே இருக்கிறாள். ஆனால் வாரத்தில் ஐந்தாறு நாள், வருடக்கணக்கில் அவள் வந்தாக வேண்டும். தினமும் கடைசி நிமிடத்தில் ஒரு அதிர்ச்சி வேண்டும், நாளைக்கும் ஆள் பார்க்க வேண்டும், டிஆர்பி இறங்கக் கூடாது. இதற்கெல்லாம் புதுக் காயம் தேவை. பழைய புருஷன் போய்விட்டால் கதைக்கு எண்ணெய் தீர்ந்துவிடும். ஆகவே அவன் போகவே மாட்டான். பக்கத்து வீட்டுக்குக் குடிவருவான், அவள் கடைக்குப் போட்டிக் கடை திறப்பான். விடுதலை ஆனவளை விடாமல் துரத்துவது கதாசிரியரின் கெட்ட மனசு அல்ல, தினசரித் தொடரின் பொருளாதாரம்.

ஆனின் முன்னாள் கணவர் எட் கூப்பர் அந்தத் தொடரில் எப்போதாவது வந்து போகிறவர். வில்லன் கிடையாது, கொஞ்சம் அசட்டுத்தனம், கொஞ்சம் சுயநலம், பிள்ளைகள்மேல் பாசம், ஜீவனாம்சப் பாக்கி. அவர் இல்லாத வாரங்களில் அவரைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் எபிசோடு முடிந்துவிடும். ஒற்றைத் தாயின் கதையில் அவன் பெயர் வராத ஒரு முழு வாரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்படி வாழ்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பார்வையாளர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் (இவற்றில் கடைசி மூன்றும் 2019இலிருந்து தென்காசி மாவட்டக் கணக்கு) என்று பீடி சுற்றுகிற ஊர்களில் டிவி பார்க்கிறவர்களைவிடக் கேட்கிறவர்கள் அதிகம். மடியில் சுளகு, கையில் கத்தரி. நனைத்த இலையை அளவுத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கும்வரை கண்ணை எடுத்தால் பீடி கழிவில் போய்விடும். கழித்தால் கூலியில் பிடிப்பு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. ஆகவே கண் சுளகில் இருக்கும், காது டிவியில் இருக்கும். பின்னணி இசையை ‘டொய்ங்’ என்று போட்டு, ஒரே முகத்தை மூன்று தரம் காட்டும் உத்தி இவர்களுக்காக உண்டானதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு: தலை நிமிர வேண்டிய இடத்தை இசையே சொல்லிவிடுகிறது.

சிட்காம் வானொலி வயிற்றில் பிறந்த பிள்ளை. லூசில் பால் 1948 முதல் நடித்த வானொலி நகைச்சுவைத் தொடரின் எழுத்தாளர்களே பிறகு அவருடைய தொலைக்காட்சித் தொடரையும் எழுதினார்கள். முக்கால்வாசி வேலையைப் பேச்சே செய்துவிடும் என்பதால், பார்க்காமல் கேட்டாலும் கதை விளங்கும். பீடிச் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. எனக்குத் தெரிந்து இன்றுவரை அவளுக்காக ஒருவரும் ஒன்று எழுதவில்லை என்பதுதான் வருத்தம்.

பீடித் தொழிலாளிக்குத் தருகிற அடையாள அட்டையான பீடிக் கார்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெயர் பதிந்த தொழிலாளிக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு, பிஎஃப், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை என்று சில காகிதங்கள் உண்டு. மும்பைக்கோ, சென்னையில் பலசரக்குக் கடைக்கோ, வளைகுடாவுக்கோ போன புருஷன் திரும்பாமல் போனால், அவள் பெயரில் இருக்கும் கடைசி ஆதாரம் பல நேரம் அதுதான். மற்றவை, கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு, பல வீடுகளில் அவன் பெயரில். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாநில அரசு ஓய்வூதியம் தருகிறது. கைவிடப்பட்டதைக் காகிதத்தில் காட்டினால்தான் கிடைக்கும். இல்லாத ஆளை இல்லை என்று நிரூபிக்க ஒருத்தி கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்கு நடப்பது துயரமா, நகைச்சுவையா? நார்மன் லியர் கையில் கிடைத்திருந்தால் இரண்டு எபிசோடு வரும்.

நம் கதை மரபு ஒற்றைத் தாயை வேறு விதமாகத்தான் கையாண்டிருக்கிறது. இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியம்மனை இந்தச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் காணாமல் பத்து மைல் போக முடியாது. நம்பியவனால் கொல்லப்பட்டவள், கள்ளிக் கிளையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தவள். கோயில் திருவிழாவான கொடை நாளில் வில்லுப்பாட்டில் அந்தக் கதை ராத்திரி முழுக்க ஓடும். ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு நாம் பீடம் கட்டத் தெரிந்தவர்கள், படையல் வைக்கத் தெரிந்தவர்கள். செத்த பிறகு. உயிரோடு இருந்து, மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியவளுக்கு அந்த மரபில் பாட்டு இல்லை.

ஆனாலும் அதே வில்லுப்பாட்டில் சிரிப்பு இருக்கிறது. தலைமைப் பாடகர் நெஞ்சை அடைக்கும் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். பக்கத்தில் ‘ஆமா’ போடுகிறவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டு ஊரையே சிரிக்கவைப்பார். எதிரே தரையில் உட்கார்ந்த ஜனங்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்துப் பாடகர் அந்த இடத்தை இழுப்பார் அல்லது சுருக்குவார். அமெரிக்க ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துச் செய்வதும் இந்தக் காரியத்தைத்தான்.

திருநெல்வேலியில் இப்படி ஒரு தொடர் எடுத்தால் ஒரே இடத்தில் எடுத்துவிடலாம், அந்த இடம் வளவு. பொதுவாசல் ஒன்று, உள்ளே எதிரும் புதிருமாக ஆறு ஏழு வீடு, நடுவில் தண்ணீர்க் குழாய், கடைசியில் கக்கூஸ். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். ஆன் ரொமானோவின் வீட்டுக்குள் கட்டடத்தைப் பராமரிக்கும் ஷ்னைடர் மாற்றுச் சாவி போட்டுத் திறந்துகொண்டு வருவார். அவர் வந்து போவதுதான் தொடரின் பாதிச் சிரிப்பு, அந்த வேடத்துக்குப் பாட் ஹாரிங்டன் எம்மி விருது வாங்கினார். வளவில் சாவியே தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வீட்டின் முன்பகுதியான தார்சாவுக்கு வந்து உட்கார்ந்துவிடலாம்.

கதைக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க நோட்டோடு வருகிறார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஆண் இல்லாத வீட்டுக்குப் பல ஊர்களில் அரை வரி, அல்லது வரியே இல்லை. கேட்டால் சலுகை என்பார்கள். வரி இல்லாதவளுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள்.

“உனக்கு வரி வேண்டாம் தாயி. நீயே கஷ்டப்படுதே.”

“கஷ்டப்படுதேன்னு ஒங்ககிட்ட யாரு அண்ணாச்சி சொன்னா? முழு வரி எழுதுங்க.”

“நோட்டுல ஆம்பளப் பேரு வேணும்லா.”

“எம் பய இருக்கானே. ஆறு வயசு. எழுதிக்கிடுங்க.”

“அவன் கல்யாணம் முடிச்சாத்தான தலைக்கட்டு.”

“அப்பம் பொண்ணையும் நீங்களே பாத்திருங்க. அதுவரைக்கும் எம் பேரை எழுதி வைங்க.”

இதில் வில்லன் யாரும் இல்லை. வரி பிரிக்க வந்தவர் உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் வேண்டாம் என்கிறார். சிட்காமுக்கு அந்த இரக்கம்தான் கச்சாப்பொருள். இரக்கத்தை எதிர்த்துச் சண்டை போட முடியாது. சிரித்துத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். அவள் ‘முழு வரி’ என்றது காதில் விழுந்த பக்கத்து வீட்டுக்காரி, “ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? தள்ளுபடி குடுக்காவ, வாங்கிட்டுப் போவியா” என்று வாயடைக்க, எபிசோடு வேறு திசைக்குப் போகும்.

பழைய தொடரை 2017இல் நெட்ஃபிளிக்ஸ் திரும்ப எடுத்தபோது செய்ததும் இப்படிப்பட்ட இடமாற்றம்தான். லியரும் தயாரிப்பில் இருந்தார், அப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. புதிய குடும்பம் கியூபாவிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்வது. ஜஸ்டினா மச்சாடோ நடித்த பெனலப்பி ராணுவ நர்ஸாக ஆப்கானிஸ்தான் போய் வந்தவள். போரின் பாதிப்பும் குடியும் சேர்ந்த கணவனைப் பிரிந்தவள். பகலில் டாக்டர் கிளினிக்கில் வேலை, மகள் ஒன்று, மகன் ஒன்று. கூடவே அவளுடைய அம்மா லிடியா. ரீட்டா மொரேனோ நடித்த இந்தப் பாட்டிதான் எனக்குப் பிடித்த பாத்திரம். கூடத்தின் மூலையைத் திரைபோட்டு மறைத்துக் குடியிருக்கிறாள். காலையில் அந்தத் திரையை மேடை நாடகம் போல விலக்கிக்கொண்டு வருவாள். மகள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது பிடிக்காது, சாமியை விடமாட்டாள், உதட்டுச் சாயம் இல்லாமல் யார் முன்னாலும் வரமாட்டாள். பெனலப்பி வேலைக்குப் போக முடிவதே இவள் வீட்டில் இருப்பதால்தான். பெனலப்பிக்குத் தலைவலியும் இவளால்தான். நம் பக்கத்தில் தனியாக வந்த பெண்ணுக்கு முதலில் கதவு திறக்கிறவளும், தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டுகிறவளும் அம்மாதான். அவளைக் கெட்டவளாக்காமலும் தெய்வமாக்காமலும் எழுதியது அந்தத் தொடரின் சாமர்த்தியம். நெட்ஃபிளிக்ஸ் மூன்று பருவத்தோடு 2019இல் நிறுத்தியது. வேறொரு சேனல் எடுத்து ஒரு பருவம் ஓட்டியது, 2020இல் அதுவும் நின்றது.

குறையும் சொல்ல வேண்டும். ‘ஜூலியா’ வந்த காலத்திலேயே, ஒரு நர்ஸ் சம்பளத்தில் இவ்வளவு வசதியா என்று கேட்டார்கள். ஆன் ரொமானோவின் பண நெருக்கடியும் பல வாரங்களில் வசனத்தில் மட்டும்தான் இருக்கும். கூலிவேலை செய்யும் ஒற்றைத் தாயைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தது 1993இல் ஏபிசியில் வந்த ‘கிரேஸ் அண்டர் ஃபயர்’: குடித்துவிட்டு அடித்த புருஷனை விட்டு வந்தவள், மூன்று பிள்ளைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆண்களோடு வேலை. அடிவாங்கிய கதையை அவளே நக்கலாகச் சொல்லும்போது சிரிப்பு வரும், உடனே சிரித்ததற்கு ஒரு கூச்சமும் வரும். 22 நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் வடிவத்தில் அடியையும் பசியையும் வைத்தால் அவை சின்னதாகிவிடும் என்ற ஆபத்து எப்போதும் உண்டு. நல்ல எழுத்தாளர்கள் சில வாரம் பிரச்சினையைத் தீர்க்காமல் விட்டு இதைச் சமாளித்தார்கள்.

தமிழில் எடுக்கக் கைச்செலவு பெரிய தடையில்லை. ஒரு வளவு, எட்டுப் பேர், வெளிப்புறப் படப்பிடிப்பு அநேகமாக வேண்டாம். தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத் தொடர்கள் வழக்கமாக இருந்தன. இப்போது ஓடிடி தளங்களுக்கு எட்டு பத்து எபிசோடு போதும். நெல்லைப் பேச்சை அரிவாள் தூக்குகிறவனுக்கும் அல்வாக் கடை நகைச்சுவைக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிற பழக்கமும் யூடியூப் பையன்கள் புண்ணியத்தில் தளர்ந்து வருகிறது. கஷ்டம் எழுத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சிட்காமுக்கு ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் உட்கார்ந்து ஒருவர் வசனத்தை இன்னொருவர் அடித்துத் திருத்துவார்கள். இங்கே தினசரித் தொடருக்குப் பெரும்பாலும் ஒருவர் எழுதுகிறார், அதுவும் படப்பிடிப்பு ஓட ஓட. அந்த அறையை முதலில் போட வேண்டும். போடுகிறபோது முக்கூடலிலிருந்தோ கடையத்திலிருந்தோ பீடி சுற்றத் தெரிந்த இரண்டு மூன்று பேரை உள்ளே உட்காரவைத்தால், எந்த வசனத்தை வளவில் ஒருத்தியும் பேசமாட்டாள் என்பதை அவர்களே அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.